கட்டம் காலியாக இருக்கக் கூடாது

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவை கூடும்.
நர்வாவிலிருந்து தாலினுக்கு மூன்று மணி நேரம்,
பனி பெய்தால் நான்கு.
ஒன்பதுக்குப் புறப்பட்டால் சரி.
ஒன்பது என்றால் ஒன்பதே காலுக்கு வருவார்கள்.
எட்டே முக்கால் என்று எழுதுகிறேன்.

ஓட்டுநர் வலேரி தொலைபேசியில்:
"தூம்பேயா மேட்டில் பேருந்து ஏறாதே, டீச்சர்?"
ஏறாது. கீழேயே இறங்கி
கல் பாவிய சரிவில் நடக்க வேண்டும்.
"அப்போ ரோடியோன்?"
ரோடியோனின் வலது கால் மாவுக்கட்டில். ஐஸ் ஹாக்கி.
மறந்தே போயிருந்தேன்.
பட்டியலின் ஓரத்தில் ஒரு டாக்சி வரைகிறேன்,
பக்கத்தில், காசு யார் தருவது என்று
ஒரு கேள்விக்குறி.

பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, ஆளுக்கு இரண்டு.
ஆர்செனிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, அவனுக்கு வெள்ளரிக்காய்.
ரக்வெரேயில் பெட்ரோல் நிலையம், கழிப்பறை,
பத்து நிமிடம்.
பத்தாவது! அங்கே சிப்ஸ் விற்கிறார்கள்.

பார்வையாளர் அலுவலகத்தின் விதிமுறைத் தாள்:
மாடத்தில் பேசக் கூடாது,
கை தட்டக் கூடாது,
கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது.
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு
இவற்றில் ஒன்றையும் செய்யாமல்
ஒரு பாடவேளை முழுக்க இருந்ததாக
வரலாறு இல்லை.

அதனுடன் ஒரு படிவம்.
பெயர். பிறந்த தேதி. குடியுரிமை.
கடைசிப் பாடவேளையில் பெஞ்சு பெஞ்சாகச் சுற்ற விட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு,
ஆற்றுக்கு அப்பால் இன்னொரு நாட்டின் கோட்டை,
அதன் மேல் காகங்கள், எந்தப் பக்கத்தவை என்று தெரியவில்லை.
தாள் திரும்பி வந்தபோது
பதினான்கு பேர் எஸ்டோனியா,
ஆறு பேர் ரஷ்யா,
ஆறு பேர் தங்கள் சாம்பல் நிறக் கடவுச்சீட்டின் சொல்லை
அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள்:
தீர்மானிக்கப்படவில்லை.
இருபத்தேழாவது, ஸ்லாத்தா. பச்சை மையில்,
"இன்னும் முடிவு செய்யவில்லை."

அலுவலகத்தில் பேசிய பெண்மணி, பிக்லகாஸ் என்று பெயர்,
பொறுமையாகத்தான் சொன்னார்:
"கட்டம் காலியாக இருக்கக் கூடாது.
ஆனால் இது பதில் இல்லையே."
மற்ற ஆறு மட்டும் பதிலா என்று
நான் கேட்கவில்லை.
போனை வைத்து, உருளைக்கிழங்கு உரித்து,
அது பாதி வெந்த பிறகுதான்
அந்தக் கேள்வியே எனக்கு வந்தது.

மறுநாள் ஸ்லாத்தாவை நிறுத்தி வைத்தேன்.
"திருத்தி எழுது."
"தீர்மானிக்கப்படவில்லை என்றால்
யார் தீர்மானிக்கவில்லை, டீச்சர்?
அதில் ஆள் பெயர் இல்லையே.
நான்தான் போல என்று நினைத்தேன்."
கேலியா, குழப்பமா?
முகத்தைப் பார்த்தேன்.
சட்டைத் தொப்பியின் கயிற்றை மென்றுகொண்டிருந்தாள்.
நான் குடிமையியல் ஆசிரியை.
எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு
இலக்கண வகுப்புக்குத்தான் போக வேண்டும்.

உறுப்பினரிடம் கேட்க ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னேன்.
சம்பளம் எவ்வளவு, பதினொரு பேர்.
அங்கே தூங்கினால் எழுப்புவார்களா, மூன்று பேர்.
அந்தக் கட்டடத்துக்கு ஏன் இளஞ்சிவப்பு, ஆர்செனி.
ஸ்லாத்தாவின் தாளில் ஒரு பூனை.

இரவு ஒன்பதரைக்கு மீண்டும் வலேரி.
"முப்பது தடவை கொண்டுபோய் விட்டிருக்கிறேன்,
கீழேயே சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பேன்.
உள்ளே எப்படி இருக்கும்?
எனக்கும் ஒரு இடம் இருக்குமா?"
பெயர், பிறந்த தேதி சொன்னார்.
மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும்
இருமினார்.
"அந்தப் பிள்ளைகள் என்ன எழுதினார்களோ, அதுவே."
எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.
இருபத்தெட்டு.
ரொட்டி இன்னும் இரண்டு.

காலையில் தபால் எடுப்பதற்குள் படிவம் போக வேண்டும்.
வெள்ளை மைப் புட்டி
பள்ளியில், என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்.
மூடி சரியாக மூடாது.
காய்ந்திருக்கும்.
காய்ந்துதான் இருக்கும்.